தனகோட்டி அக்காவின் ஒற்றைக்கால் சாம்பிள்

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குள் மல்லிகாவிடமிருந்து போன் வந்தது. மல்லிகா தனகோட்டி அக்காவின் தங்கை. இருவரும் ஆம்பூரில் ஒரே ஷூ ஃபாக்டரியில் ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள். நாட்றம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போய் வந்தவர்கள்.

"அண்ணே, அக்கா பஸ்ஸுல தூங்கினுதான வரும்? கம்பெனி கேட்டாண்ட பஸ்ஸு நின்னா தானா முழிச்சிக்கும். இன்னிக்கி முழிக்கலண்ணே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "முழிக்கலன்னா எழுப்பேம்மா!" என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பக்கம் அவள் அழும் சத்தம் கேட்ட பிறகுதான் விஷயம் மண்டையில் ஏறியது. என் புத்தி அப்படி. கோபம் முதல் பஸ்ஸில் வந்துவிடும், அறிவு அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

அக்காவை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்டிட்சிங் லைனிலும் செக்கிங்கிலும் அவரோடு உட்கார்ந்தவர்கள், அந்த பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தவர்கள், எங்கள் படப்பிடிப்புக்கு வந்து நின்றவர்கள், எல்லோருக்கும். அழுதுகொண்டே எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அழ வேண்டியதெல்லாம் அழுதாயிற்று. இப்போது என் கை பரபரக்கிறது. படம் முடிந்துவிட்டது! அக்கா முடிக்காமல் போன படத்தை அக்காவே முடித்துக் கொடுத்துவிட்டார். எப்படி என்று சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

படத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். நான் குடியாத்தத்துக்காரன். லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்து, தறிப் பக்கம் போகாமல் குறும்படம், கல்யாண வீடியோ என்று திரிந்தவன். முழுநீளப் படம் ஒன்று எடுக்க வேண்டும் என்பது பல வருஷ வெறி. பவர்லூம் வைத்திருக்கும் என் மாமா மகன் வேலாயுதம் தயாரிக்க ஒப்புக்கொண்டான். கதை சின்னதுதான். ராஜம் என்று ஒரு ஷூ ஃபாக்டரித் தொழிலாளி. கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டுப் போன புருஷன், பதினெட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அவ்வளவுதான். நடிக்கிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்தோம்.

ராஜம் வேடத்துக்கு முதலில் வந்தவர் அக்கா இல்லை, சென்னையிலிருந்து வந்த ஒரு நாடக நடிகை. நல்ல நடிகைதான். பின்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கு நிஜமான தொழிலாளிகள் பத்துப் பேரைக் கூட்டி வந்திருந்தோம். அவர்களுக்கு நான் போட்ட கட்டளை இரண்டு: கேமராவைப் பார்க்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. ராஜம் ஷூக்களை ஜோடி சேர்க்கிற சீன், நாலாவது டேக் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, நிறுத்து, நிறுத்து! அந்தம்மா ரெண்டு லெஃப்ட்ட கையில வெச்சினு ஜோடி ஜோடின்னுது. ஆம்பூர்ல இத எவன் குந்திப் பாப்பான்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் போய்ப் பார்த்தால், ஐயோ, இரண்டுமே இடது கால்! கேமராமேனுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியவில்லை, நாலு டேக் எடுத்திருக்கிறோம். இருபது அடி தூரத்திலிருந்து அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. பின்னே, வாழ்நாளெல்லாம் ஜோடி பார்த்து அனுப்பிய கண் அல்லவா அது? அடுத்த வாரம் அந்த நடிகைக்குச் சென்னையில் சீரியல் கிடைத்து, வரமுடியாது என்று சொல்லிவிட்டார். வேலாயுதம் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். நான் அந்த ரெண்டு லெஃப்ட்டைக் கண்டுபிடித்த அம்மாவை வரச்சொன்னேன். நாலு வரி வசனம் கொடுத்தேன். அக்கா அதைப் படித்துவிட்டு, "இத அழுதுனு சொல்லணுமா, அழாம சொல்லணுமா?" என்று கேட்டார். எப்படிச் சொல்வீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். "எம்மாம் ஜோலி கெடக்கு, இதுக்கெல்லாம் எவ அழுவா?" என்றார். அந்த நிமிஷமே ராஜம் கிடைத்துவிட்டாள்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த சீனையும் சாம்பிள் போட்டுப் பார்க்காமல் தொடமாட்டார். ஃபாக்டரியில் அப்படித்தானாமே! புது டிசைன் வந்தால் முதலில் சாம்பிள் செய்து பையருக்கு, அதாவது வெளிநாட்டில் வாங்குகிறவருக்கு, அனுப்புவார்கள். அதுவும் ஒரு கால் மட்டும். அவர் ஓகே சொன்ன பிறகுதான் லைனில் ஜோடி ஜோடியாகத் தைக்க ஆரம்பிப்பார்கள். "பையரு ஓகே சொல்லாம எந்தக் கம்பெனிலயாவது தோல வெட்டுவாங்களா? நீ மட்டும் எடுத்த ஒடனே ஷாட்டுன்ற" என்பார் அக்கா. அதனால் ஒவ்வொரு சீனுக்கு முன்னாலும் அவருடைய பங்கை மட்டும் தனியாக நடித்துக் காட்டுவார். எதிரே இருப்பவர் பேச வேண்டிய நேரத்தில் வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கிற அளவுக்குச் சும்மா நிற்பார். எதிராளி வசனத்தையும் யாராவது படிக்கட்டுமே என்றால் கேட்கமாட்டார். "சாம்பிளுக்கு ஒத்தக்கால் போதும் தம்பி. ஒரு கால் சரியா வந்துட்டா இன்னொரு கால் தானா வரும்."

முடிந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். நான் "ம்" என்பேன்.

"ம்முன்றதெல்லாம் கணக்குல வராது. ஓகேன்னு வாயத் தொறந்து சொல்லு. ஓகே ஆவாத சாம்பிள் ரூம்லயே தூங்கினுதான் கெடக்கும்."

நான் சொன்னதே இல்லை. மற்ற டைரக்டர்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் வார்த்தை அது. எனக்கு "கட், அடுத்தது" என்றுதான் வரும். எங்கள் அப்பா ஒரு லுங்கியை விரித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ரத்தம். அக்கா ஒவ்வொரு தடவையும் கேட்பார், நான் ஒவ்வொரு தடவையும் "அடுத்தது" என்பேன், யூனிட்டே சிரிக்கும்.

புருஷனாக நடித்தவர் கரீம் பாய். ஆம்பூர் பஜாரில் தையல் கடை வைத்திருப்பவர், தங்கமான மனிதர். அவரிடம் ஒரே ஒரு பேஜார். எதிரே இருப்பவர் வசனத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுவார். கடைசி வார்த்தை எது என்று தெரியும் என்பதால், அது வருவதற்குள் தன் வசனத்தை ஆரம்பித்துவிடுவார். "பாய், நான் முடிக்கறதுக்குள்ள உள்ள பூந்துட்றீங்க. மனப்பாடம் கம்மி பண்ணுங்க, காது குடுங்க" என்று அக்கா கெஞ்சுவார். "சரி தங்கச்சி, இந்தத் தபா பாரு" என்பார் பாய். அந்தத் தபாவும் பூந்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு நேராக ஷூட்டிங்குக்கு வந்தார். எல்லாம் தயார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "தம்பி, பாய்க்கு மீச ஜோடி சேரல. லெஃப்ட்டு கம்மியா இருக்கு." போன வாரம் எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். உண்மைதான்! அவசரத்தில் ட்ரிம் பண்ணிய பார்பர் இடது பக்கம் ஒரு நூல் அளவு அதிகமாக எடுத்திருக்கிறார். கண்மைப் பென்சிலை எடுத்து அக்காவே வரைந்து சரிசெய்தார். பாய் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தங்கச்சி, என் பொண்டாட்டி கூட இம்மா உத்துப் பாத்ததில்ல" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அரை மணி நேரம் வேலை நடக்கவில்லை.

அக்கா எங்களோடு இருந்ததைவிட ஃபாக்டரி லைனோடுதான் அதிகம் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவர் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "இந்த வாரம் இன்னா சீனு?" என்று கேட்பார்களாம். அக்கா நடித்துக் காட்டுவாராம். சூப்பர்வைசர் கூடத் தூணோரம் நின்று கேட்டுவிட்டு, கேட்காதது போலப் போவாராம். ஒருநாள் என்னிடம் விரலை நீட்டிச் சொன்னார்: "எங்க லைன் மொத்தமும் படம் பாக்க வரும். அறுவது பொம்பளைங்க. அதுல என் மூஞ்சி இல்லாம நீ வேற எதாவது ஒட்டி வெச்ச, ஆம்பூர் தாண்டி வூடு போயிச் சேரமாட்ட." அன்று இது வேடிக்கையாக இருந்தது.

இனி என் வண்டவாளம். மிச்சமிருந்தது ஒரே ஒரு சீன், கடைசி சீன். புருஷன் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறான். ராஜம் அவன் முகத்துக்கு நேரே, "போயிடு, இந்தக் கதவு உனக்குத் திறக்காது" என்கிறாள். படம் முடிகிறது. ஆறு மாதம் யோசித்து எழுதிய வசனம், தியேட்டரே கைதட்டும் என்று நம்பியிருந்தேன். அதற்கு முந்தைய சீனை எடுத்து முடித்த ஞாயிறு மதியம் அக்கா வந்து, "கடசி வசனம் இன்னாவோ எனக்கு சேரல தம்பி. சாம்பிள் போட்டா தெரிஞ்சிடும்" என்றார். வெயில், பசி, வாடகைக் கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் அவசரம். எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். "சும்மா சாம்பிள் சாம்பிள்னு! இது சினிமாக்கா, செருப்பு இல்ல!"

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. நிதானமாக, "செருப்பு இல்ல தம்பி, ஷூ" என்றார்.

யூனிட் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எனக்கு மானம் போய்விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் திங்கட்கிழமை அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஏழு நிமிஷம். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். வீம்பு. கேட்கவில்லை. செவ்வாயும் கேட்கவில்லை, புதனும் கேட்கவில்லை. வியாழன் காலை மல்லிகாவின் போன்.

சினிமாவில் இது புதிதில்லை. பாதிப் படத்தில் நடிகர் போய்விட்டால் என்னென்ன செய்வார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும். முதுகைக் காட்டி வேறு ஆளை நிற்க வைப்பார்கள். மிமிக்ரிக்காரரைக் கூப்பிட்டுக் குரல் கொடுக்கச் சொல்வார்கள். சீரியல் என்றால் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். காரியம் முடிந்த பிறகு வேலாயுதம் என்னை ஆம்பூருக்கு வரச்சொன்னான். பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். கரீம் பாயும் இருந்தார்.

"மச்சான், கோச்சுக்காத. பாதி நெய்ஞ்ச துணிய வேற நூல் போட்டு முடிச்சா ஒட்டு தெரியும், மார்க்கெட்ல எவனும் தொடமாட்டான். தறியில இருந்து அறுத்துட்டு மொதல்ல இருந்து நெய்யறதுதான் முற. அந்த மெட்ராஸ் அம்மா இப்ப ஃப்ரீயா இருக்காங்க. பேசிட்டேன்" என்றான் வேலாயுதம்.

அதாவது மொத்தப் படத்தையும் திரும்ப எடுப்பது. அக்கா முகம் ஒரு ஃபிரேமில் கூட இருக்காது. அறுபது பெண்கள் வந்து உட்கார்ந்து வேறு யாரையோ பார்த்துவிட்டுப் போக வேண்டும். நான் மேசையைத் தட்டிக் கத்தினேன். கத்தி என்ன பயன்? கடைசி சீன் இல்லாத படத்தை என்ன செய்வது? ஒரு வாரம் பொறு என்று மட்டும் கேட்டேன். வேலாயுதம் எழுந்து போனான். என்ன செய்வது என்று தெரியாமல் போனை எடுத்தேன். அக்கா அனுப்பியது அப்படியே கிடந்தது. திட்டட்டும், அந்தக் குரலையாவது கேட்போம் என்று காதில் வைத்தேன்.

குக்கர் சத்தம் முதலில் வந்தது. பிறகு அக்கா. திட்டவில்லை. "யாரு?" என்றார். ராஜத்தின் முதல் வசனம்! பிறகு மௌனம். பிறகு அடுத்த வசனம். டீ கிளாஸ் என் கையிலிருந்து நழுவி வேட்டியெல்லாம் டீ. கடைசி சீனின் சாம்பிள்! சமையல் செய்துகொண்டே, தன் பங்கை மட்டும் பேசி, பாயின் வசனங்களுக்கு இடம் விட்டு, முழு சீனையும் போட்டு அனுப்பியிருக்கிறார். முக்கால்வாசியில் ஒரு பெரிய இடைவெளி. பதிவு அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு விசில் வந்தது. அதன் பிறகு கடைசி வசனம் வந்தது. நான் எழுதியது இல்லை, அக்காவே வைத்தது. கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். நடுக்கடையில் நின்று, "பாய்! படம் இருக்கு பாய்! அக்கா குடுத்துட்டுப் போயிருக்கு!" என்று கத்தினேன். வடை வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பாயிடம் போனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வேணாம் சார். இப்ப கேட்டா மனப்பாடம் ஆயிடும். காது குடுங்க பாய், காது குடுங்க பாய்னு எத்தினி தபா சொல்லிச்சு. ஒரே ஒரு தபா குடுக்கறேன். கேமரா முன்னாடியே கேட்டுக்கறேன்" என்றார்.

வேலாயுதத்தைத் தேடிப் போய் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நூல் அதேதான் மச்சான். முடி" என்று மட்டும் சொன்னான்.

கதையில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். ராஜம் வெளியே வரவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் சமைத்துக்கொண்டே பேசுகிறாள். குக்கர் சத்தத்தை என்ன செய்வது என்று சவுண்டுக்காரர் கவலைப்பட்டார். அதைத் தொட்டால் கையை உடைப்பேன் என்றேன். மல்லிகா, "அக்கா வூட்டுலயே எடுங்கண்ணே. அந்தக் குக்கரு அங்கதான் இருக்கு" என்றாள். நாட்றம்பள்ளியில், ஞாயிறு காலை, அக்காவின் வீட்டு வாசலிலேயே எடுத்தோம். உள்ளே மல்லிகா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே பாய். தெருவில் லைன் பெண்கள் பாதிப் பேர்.

பாய் கதவைத் தட்டினார். உள்ளிருந்து, "யாரு?"

இந்தத் தபா பாய் பூந்துவிடவில்லை! அக்கா ஒவ்வொரு வசனத்தையும் முடிக்கும்வரை நின்றார், விட்ட இடத்தில் அளந்தது போலத் தன் வசனத்தை வைத்தார். பாயின் வேகத்தை அக்கா அவ்வளவு சரியாக அறிந்து இடம் விட்டிருந்தார். "என்ன மன்னிச்சுடு ராஜம். கதவத் தொற" என்றார் பாய். அந்தப் பெரிய இடைவெளி வந்தது. பாய் காத்திருந்தார். கதவில் கையை வைத்தார். அழ ஆரம்பித்தார், நடிப்பில்லை, நிஜமாகவே. உள்ளே விசில் அடித்தது. அக்கா சொன்னார்:

"தாப்பா போடவே இல்லியே. இத்தினி வருஷமா சாத்திதான் வெச்சிருக்கேன்."

பாய் கதவைத் தள்ளினார். திறந்துகொண்டது. உள்ளே போனார். கேமரா தெருவிலேயே நின்றது. நான் எழுதிய வசனம் எங்கே, இது எங்கே! ஆறு மாதம் யோசித்தேனாம்.

"கட்" என்றேன். "அடுத்தது" என்று வாயில் வந்துவிட்டது. அடுத்தது இல்லை. மல்லிகா நிறுத்த மறந்த போன் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது ராஜத்தின் குரல் இல்லை, அக்காவின் சொந்தக் குரல்.

"தம்பி, அவ்ளோதான் சாம்பிள். வசனத்த மாத்திட்டேன், கோச்சுக்காத. ஒத்தக்கால்தான் இருக்கு, இன்னொரு கால பாய் போட்டுப்பாரு. ஓகேவா இல்லியா, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிடு."

டீக்கடையில் கேட்டபோதே அந்த வரி என்னைக் கொன்றுவிட்டது. பதில் போட விரல் வரவில்லை. திங்களிலிருந்து வியாழன் வரை போனைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். அன்று தெருவில், எல்லோர் முன்னாலும், அவரைத் திட்டியதைவிடப் பெரிய சத்தத்தில் கத்தினேன். "ஓகேக்கா! ஓகே! ஓகே!" பாய் உள்ளிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். லைன் பெண்கள் கைதட்டின சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து, இன்னா இன்னா என்று கேட்டார்கள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான். இப்போது எடிட்டிங்கில் ஒரு வெட்டு சரியாக விழுந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லிவிடுகிறேன். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்திருப்பதில்லை. எங்கள் அப்பாவிடம் கூடப் போன வாரம் சொன்னேன், அவர் பயந்துபோய் என்னடா ஆச்சு என்றார்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆம்பூரில் கல்யாண மண்டபத்தில் படம் போடுகிறோம். முன்வரிசைகள் எல்லாம் லைனுக்கு. ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருக்கும், அதில் யாரும் உட்கார வேண்டாம். முதல் காட்சியிலிருந்து கடைசி வரை அக்கா முகம்தான், அக்கா குரல்தான், எதையும் ஒட்டி வைக்கவில்லை. பார்த்து முடித்ததும் பிடித்திருந்தால் சத்தமாக ஓகே சொல்லிவிட்டுப் போங்கள். "ம்" என்றால் அக்கா கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டார்.